பழைய தனிவீட்டில் மின்செலவைக் குறைக்கும் சீரமைப்பு: எந்த வேலையை முதலில் எடுப்பது?

தாழ்வாரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் 1978இல் கட்டிய ஒற்றைத் தளத் தனிவீட்டில் இப்போது என் குடும்பம் குடியிருக்கிறது. ஏறத்தாழ 110 சதுர மீட்டர் பரப்பு. மேலே 150 மி.மீ. கனமுள்ள கான்கிரீட் தளம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இருபுறமும் சிமெண்டுப் பூச்சு. மரச்சட்டத்தில் ஒற்றைக் கண்ணாடி பதித்த சன்னல்கள். கோடையில் பகல் வெப்பநிலை 38 டிகிரியைத் தொடும் இடம் என்பதால் எங்களுக்குக் குளிர் ஒரு பிரச்சினையே அல்ல, வெப்பந்தான் பிரச்சினை.

கூடத்தில் மேற்குப் பார்த்த பெரிய சன்னல்கள் இரண்டு இருக்கின்றன. மாலை நான்கு மணிக்கு அங்கே உட்கார முடிவதில்லை. படுக்கையறைகளிலோ நள்ளிரவு தாண்டியும் மேல்தளத்திலிருந்து அனல் இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஏ.சி. ஓய்வின்றி ஓடியும் அறை குளிர நெடுநேரம் பிடிக்கிறது. பின்பக்க அறையின் சுவரில் தரையிலிருந்து இடுப்பளவுக்கு ஓதம் ஏறிப் பெயிண்ட் பொரிந்து உதிர்கிறது.

ஒப்பந்ததாரர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். எல்லாச் சன்னல்களையும் இரட்டைக் கண்ணாடிக்கு மாற்ற வேண்டும், சுவர்களின் உட்புறம் வெப்பக்காப்புப் பலகை ஒட்ட வேண்டும், படுக்கையறைகளுக்குப் பொய்க்கூரை போட்டுப் பெரிய ஏ.சி. வாங்க வேண்டும் என்பது அவர் தந்த திட்டம். மேல்தளத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய எங்களால் இயலாது. வீட்டைக் காலி செய்யவும் முடியாது. ஆண்டுக்கு ஒரு வேலையாக எடுக்கலாம் என்றிருக்கிறோம். அப்படியானால் எதை முதலில் எடுப்பது, வெப்பக்காப்பைத் தளத்துக்கு மேலே போடுவதா கீழே போடுவதா, முன்னர் செய்த வேலையைப் பின்னர் உடைக்க நேராமல் எப்படித் திட்டமிடுவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அளவுகோல் (பதில்)

வணக்கம், தாழ்வாரம் அவர்களே. உங்களுக்கு உறுத்தியது நியாயமானதே. ஒற்றைத் தள வீட்டில் நாள் முழுதும் வெயில் வாங்கும் பரப்பு மேல்தளம் ஒன்றுதான். அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மாற்றுவது செலவை மட்டுமே கூட்டும். அந்தத் திட்டத்தின் வரிசையைத் தலைகீழாகத் திருப்பிவிடுங்கள் என்பேன். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

கான்கிரீட்டின் வெப்பக் கடத்துத்திறன் (எண் குறையக் குறைய வெப்பம் கடப்பது குறையும்) ஏறத்தாழ 1.6, செங்கலுக்கு 0.7 அளவில் இருக்கும், மரத்துக்கு 0.13. எக்ஸ்.பி.எஸ். எனப்படும் அழுத்தமான நுரைப்பலகைக்கு அது 0.033 மட்டுமே. அதாவது 50 மி.மீ. நுரைப்பலகை தடுக்கும் வெப்பத்தைக் கான்கிரீட்டைக் கொண்டே தடுக்க விரும்பினால் கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் கனத்துக்குத் தளம் போட வேண்டியிருக்கும். கான்கிரீட் பாரத்தைத் தாங்குமே தவிர வெப்பத்தைத் தடுக்காது.

உச்சி வெயிலில் கருத்துப்போன தளத்தின் மேற்பரப்பு 65 டிகிரியை எளிதில் எட்டும். உள்ளே 28 டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் வெறும் தளத்தின் வழியாகச் சதுர மீட்டருக்கு 140 வாட் அளவுக்கு வெப்பம் இறங்கக்கூடும் என்று நிலையான வெப்ப ஓட்டக் கணக்கு காட்டுகிறது. கான்கிரீட் அந்த வெப்பத்தைத் தன்னுள் வாங்கிவைத்துச் சில மணி நேரம் கழித்தே உள்ளே விடுவதால், அதே கணத்தில் அவ்வளவும் இறங்கிவிடுவதில்லை. உச்சம் தணிந்து, மாலைக்கும் முன்னிரவுக்கும் தள்ளிப்போகிறது. நள்ளிரவில் நீங்கள் உணரும் அனல் அதுவே. தளத்தின் மேல் நன்றாக வெள்ளையடித்து மேற்பரப்பை 45 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 140 என்பது 65க்குள் வந்துவிடும். வெள்ளையடிக்காமல் 50 மி.மீ. நுரைப்பலகை மட்டும் பதித்தால் 21 ஆகும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் பத்துக்கும் கீழே.

பலகையின் கனத்தைக் கூட்டிக்கொண்டே போவதும் வேண்டாம். உங்கள் தளத்தின் யூ மதிப்பு, அதாவது ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்குக் கடக்கும் வாட் அளவு, வெயில்கால நிலையில் 3.3 என்று கணக்காகிறது. 25 மி.மீ. பலகை அதை 0.94க்கு இறக்கும், 50 மி.மீ. 0.55க்கு, 75 மி.மீ. 0.39க்கு, 100 மி.மீ. 0.30க்கு. முதல் 25 மி.மீ. செய்யும் வேலையையும் நான்காவது 25 மி.மீ. செய்யும் வேலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எங்கே நிறுத்த வேண்டும் என்பது தானே விளங்கும். உங்கள் தட்பவெப்பத்துக்கு 50 முதல் 75 மி.மீ. போதும் என்பது என் கணிப்பு.

இனிச் சன்னல்களுக்கு வருகிறேன். மேற்குச் சன்னல்கள் இரண்டும் சேர்ந்து நான்கு சதுர மீட்டர் என்று கொள்வோம். மாலை வெயில் மேற்குச் சுவரின் மீது சதுர மீட்டருக்கு 650 வாட் அளவில் விழும். சாதாரண ஒற்றைக் கண்ணாடி அதில் 85 விழுக்காட்டை உள்ளே விட்டுவிடுவதால் 2,200 வாட் கூடத்துக்குள் வந்து சேர்கிறது. வெளியே 38, உள்ளே 26 டிகிரி என்ற வேறுபாட்டால் கண்ணாடி வழியே கடத்தப்படும் வெப்பமோ 275 வாட்தான். சாதாரண இரட்டைக் கண்ணாடி இந்த 275ஐப் பாதியாக்கும். அந்த 2,200ஐ 1,950 ஆக மட்டுமே குறைக்கும். வெயிலைத் திருப்பியனுப்பும் பூச்சுள்ள கண்ணாடி என்றால் நிலைமை வேறு. ஆனால் சன்னலுக்கு வெளியே ஒரு தட்டியோ மூங்கில் திரையோ மடக்குக் கதவோ அமைத்து வெயிலில் முக்கால் பங்கைக் கண்ணாடியில் படாமலே தடுத்துவிட்டால், மிக எளிய செலவில் 2,200 என்பது 550 ஆகிவிடும். திரை வெளிப்புறம் இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயில் உள்திரையைச் சுடவைத்து, அந்தச் சூடு அறையிலேயே தங்கிவிடும். மேற்கு வெயில் தாழ்ந்து வருவதால் சன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு அதற்குப் பயன்படாது. செங்குத்தாகத் தொங்கும் மறைப்புதான் வேண்டும்.

சுவர்களின் யூ மதிப்பு 2 அளவில் இருக்கும். தளத்தைவிடக் குறைவு, வெயிலும் நாளில் ஒரு பகுதி நேரமே ஒவ்வொரு சுவரிலும் படுகிறது. ஆகவே சுவருக்கு இப்போது அவசரமில்லை.

வேலையைத் தொடங்குமுன் ஓர் அகச்சிவப்பு வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். கையடக்கமானது, எளிதில் கிடைக்கும். வெயில் நாள் ஒன்றில் மதியம், மாலை, இரவு பத்து மணி, விடியற்காலை என நான்கு வேளையும் ஒவ்வொரு அறையிலும் கூரையின் அடிப்பரப்பு, நான்கு சுவர்கள், சன்னல் கண்ணாடி ஆகியவற்றின் வெப்பநிலையைக் குறித்துவையுங்கள். கண்ணாடியை அளக்கும்போது அதன்மேல் காகித ஒட்டுப்பட்டை ஒன்றை ஒட்டி அந்தப் பட்டையை அளப்பது நல்லது. பளபளக்கும் பரப்பு இந்தக் கருவியை ஏமாற்றிவிடும். இரவில் கூரை 36 டிகிரியும் உட்சுவர் 31 டிகிரியும் காட்டினால் உங்கள் முதல் வேலை எது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. வேலை முடிந்த பிறகும் அதே அளவுகளை எடுத்தால்தான் செலவு பலன் தந்ததா என்று தெரியும். மின்கட்டணச் சீட்டை மட்டும் நம்பினால் அந்த ஆண்டின் வெயில் கூடியதா குறைந்ததா என்பதும் அதற்குள் கலந்துவிடும்.

கொத்துவேலை (பதில்)

மேலே நண்பர் கணக்கைச் சொல்லிவிட்டார். நான் தளத்தின் மேல் நின்று பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். பழைய வீடுகளின் மேல்தள வேலையையே தொழிலாகச் செய்து வருபவன் என்ற முறையில், வெப்பக்காப்பைப் பற்றி யோசிக்கும் முன் தளத்தின் உடல்நிலையைப் பார்த்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்துவேன்.

ஒரு சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து கூரையின் அடிப்பரப்பை ஓரங்குலமும் விடாமல் தட்டிப் பாருங்கள். கெட்டியான கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும்; உள்ளே பிரிந்துபோன இடம் பொத்தென்று மந்தமாக ஒலிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் பூச்சைக் கொத்திப் பார்த்தால் கம்பி துருப்பிடித்துப் பருத்திருப்பதைக் காணலாம். துருவானது தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், அது கான்கிரீட்டைக் கீழ்நோக்கித் தள்ளி உடைக்கிறது. குளியலறைக்கு மேலும், மழைநீர்க் குழாய் வாயைச் சுற்றியும், கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் ஓரத்திலும் இது அதிகம். கம்பியைத் துலக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, உரிய கலவையால் அடைத்த பிறகே மற்ற எதுவும். கம்பியின் கனம் கண்ணுக்குத் தெரியும்படி தேய்ந்திருந்தால் கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்டாமல் ஒரு மூட்டை சிமெண்டும் மேலே ஏற்றக் கூடாது.

தளத்துக்கு மேலா கீழா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வீட்டுக்கு மேலேதான். கீழே ஒட்டினால் தளம் முன்போலவே தினமும் வெயிலில் காய்ந்து விரிவதும் இரவில் சுருங்குவதுமாக இருக்கும். விரிசலும் நீர்க்கசிவும் நிற்காது. மேலே போட்டால் தளமே நிழலுக்குள் வந்துவிடுகிறது. அதோடு, நீங்கள் வீட்டைக் காலி செய்யத் தேவையில்லை. வேலை முழுவதும் மொட்டை மாடியிலேயே நடக்கும்.

1978ஆம் ஆண்டுத் தளம் என்றால் மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த படுகையும் அதன்மேல் தட்டோடும் இருக்கக்கூடும். அது வறண்டு கெட்டியாக இருந்தால், மேலே கனத்த படலம் எதையும் ஏற்றாதவரை வைத்துக்கொள்ளலாம். நீரை உறிஞ்சி ஊறிப்போயிருந்தால் எடுத்துவிடுவதே நல்லது. ஈரத்தின் மேல் நீர்க்காப்புப் போட்டு மூடினால் அந்த ஈரம் கீழ்நோக்கித்தான் வழி தேடும். 75 மி.மீ. கனமுள்ள பழைய படுகை சதுர மீட்டருக்கு 120 கிலோ அளவுக்கு எடையுள்ளது. அதை எடுத்தால், புதிதாக வரும் 50 மி.மீ. சிமெண்டுக் கலவையின் எடைக்கு (சதுர மீட்டருக்கு 105 கிலோ அளவு) இடம் கிடைத்துவிடுகிறது. நுரைப்பலகையின் எடை இரண்டு கிலோவைக்கூட எட்டாது. படுகையையும் வைத்துக்கொண்டு அதன்மேல் இன்னொரு கனத்த படலத்தை ஏற்றுவதுதான் நான் பல வீடுகளில் கண்டு அஞ்சும் வேலை. நூற்றுப் பத்து சதுர மீட்டரில் அது பதினோரு டன்னுக்கும் மேல்.

அடுக்கு வரிசை இப்படி இருக்கட்டும்: செப்பனிட்ட தளம், அதன்மேல் நூறுக்கு ஒன்று என்ற வாட்டத்தில் கலவை, அதன்மேல் நீர்க்காப்பு, அதற்கும் மேலே எக்ஸ்.பி.எஸ். பலகை, பிறகு பிரிப்புத் துணி, கடைசியாகக் கம்பிவலை இட்ட கலவையும் வெள்ளை ஓடும். நீர்க்காப்பு பலகைக்குக் கீழே இருப்பதால் வெயிலும் மிதிபாடும் அதைத் தொடுவதில்லை. நீண்ட காலம் உழைக்கும். இதற்கு நீரை உறிஞ்சாத பலகை வேண்டும் என்பதால்தான் எக்ஸ்.பி.எஸ். என்கிறேன். பொட்டலங்களில் வரும் சாதாரண வெள்ளைத் தெர்மோகோல் வகையையோ கண்ணாடி இழைப் பஞ்சையோ இந்த இடத்தில் போட்டால் அவை நனைந்து பயனற்றுப் போகும். நீர்க்காப்பு முடிந்ததும் வாய்களை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி 48 மணி நேரம் வைத்துக் கீழே ஈரம் வருகிறதா என்று பார்க்காமல் பலகையைப் பதிக்க அனுமதிக்காதீர்கள். பதித்த பிறகு கசிவைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

இந்த ஆண்டு இவ்வளவுக்கும் வசதியில்லை என்றால், தளத்தைச் செப்பனிட்டுச் சூரிய ஒளியைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு மட்டும் அடியுங்கள். தூசு படியப் படிய அதன் திறன் குறையும் என்பதால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் கழுவிவிட வேண்டும்.

தாழ்வாரம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு பத்து மணிக்கு அளந்ததில் படுக்கையறைக் கூரையின் அடிப்பரப்பு 37 டிகிரியும் உட்சுவர் 32 டிகிரியும் காட்டின. அளவுகோல் அவர்கள் சொன்னதற்கு மிக நெருக்கமாக இருக்கிறது. சுத்தியலால் தட்டியதில் குளியலறைக்கு மேல் ஓரிடம் மட்டும் மந்தமாக ஒலிக்கிறது. கொத்திப் பார்க்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். சுவரின் உட்புறம் பலகை ஒட்டினால் ஓதமும் மறைந்துவிடும், வெப்பமும் குறையும் என்று ஒப்பந்ததாரர் உறுதியாகச் சொல்கிறார், அதை நம்பலாமா? ஏ.சி.களில் ஒன்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பழையது; அதை இப்போதே மாற்றுவதா, தள வேலை முடியும் வரை பொறுப்பதா?

பனிக்காலம் (பதில்)

நான் இருப்பது ஆண்டில் பாதி நாள் வீட்டைச் சூடாக்கியே வாழ வேண்டிய குளிர்ப் பகுதி. இங்கே பழைய வீடுகளைப் புதுப்பிப்பவர்கள் மிகவும் அஞ்சுவது ஈரத்துக்குத்தான். அந்த அனுபவம் உங்கள் வெப்பப் பகுதிக்கும் பொருந்தும், திசை மட்டும் மாறும் என்பதால் எழுதுகிறேன்.

காற்றில் உள்ள நீராவி, போதிய அளவு குளிர்ந்த பரப்பு எதைத் தொட்டாலும் நீராகிவிடும். உள்ளே 20 டிகிரியும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள எங்கள் வீடுகளில், 9 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பரப்பில் நீர் அரும்பும். பூஞ்சைக்கோ நீர் அரும்ப வேண்டியதுகூட இல்லை, சுவரின் மூலை 12 அல்லது 13 டிகிரிக்குக் கீழேயே நெடுநாள் இருந்தால் போதும். அதனால் எங்களுக்கு நீராவித் தடுப்புப் படலம் வெப்பக்காப்பின் உட்பக்கம், அதாவது சூடான பக்கம் வர வேண்டும். உங்களுக்குச் சூடான பக்கம் வெளியே இருக்கிறது. வெளியே 32 டிகிரியும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளில் அந்தக் காற்று ஏறத்தாழ 26 டிகிரியிலேயே நீராகத் தொடங்கும். ஏ.சி. ஓடும் அறையில் 23 டிகிரியில் இருக்கும் பலகைக்குப் பின்னால், நெகிழித்தாளோ வினைல் சுவரொட்டியோ ஒட்டிய பரப்பின் மறைவில், செங்கல் வழியே உள்நோக்கி வரும் நீராவி சேர்ந்து நீராகும். கண்ணுக்குத் தெரியாமலே பூஞ்சை பிடிக்கும். குளிர்ப் பகுதிக்கென்று வரைந்த சுவர் அமைப்பை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் பொருத்துவது எவ்வளவு ஆபத்தானது என்பது இதிலிருந்தே புலப்படும்.

இதில் ஏற்கனவே ஓதம் ஏறிய சுவரும் சேர்ந்துகொண்டால் சொல்ல வேண்டியதில்லை. பலகை ஓதத்தை மறைக்கும், போக்காது. முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். சுவரை ஓரளவு காயவிட்டு, ஓர் அலுமினியத் தாளை நான்கு ஓரமும் இறுக ஒட்டிச் சில நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். தாளின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றிலிருந்து படிந்தது. இடுப்பளவில் நிற்கும் ஓதம் பெரும்பாலும் மண்ணிலிருந்து ஏறுவதே. வெளியே மண்மட்டம் காலப்போக்கில் உயர்ந்து அடித்தளத்தில் இட்ட ஓதத்தடுப்புப் படலத்தை மூடிவிட்டதா, மழைநீர்க் குழாய் சுவரோரமாகவே கொட்டுகிறதா, குளியலறைக் குழாய் ஏதும் கசிகிறதா என்று பாருங்கள். மண்ணை வெட்டித் தாழ்த்தித் தண்ணீரைச் சுவரைவிட்டு விலக்கினாலே பல வீடுகளில் சுவர் தானாகக் காயத் தொடங்கிவிடுகிறது. ஆனால் அதற்கு ஒரு பருவமோ இரண்டு பருவமோ பொறுக்க வேண்டும். பொரிந்த இடத்தை மறுபடியும் கெட்டிச் சிமெண்டால் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு சுவரை மூச்சுவிட விடும்.

காற்றுக்கசிவையும் கவனியுங்கள். ஏ.சி. ஓடும் அறையின் கதவடியிலும் சன்னல் சட்ட இடுக்குகளிலும் பழைய வெண்டிலேட்டரிலும் ஏ.சி. குழாய் நுழையும் துளையிலும் எரியும் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தால் புகை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று தெரியும். ரப்பர்ப் பட்டையும் அடைப்புப் பசையும் போதுமான வேலை இது. செலவுக்குக் கிடைக்கும் பலன் மிகப் பெரியது. வீடு முழுவதையும் இறுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் முதல் பாசிவ் ஹவுஸ் (மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடு) எழுந்தபின் வளர்ந்த கடுமையான தரநெறியே பழைய வீடுகளுக்கென்று ஓரளவு தளர்த்தப்பட்டிருக்கிறது: 50 பாஸ்கல் அழுத்தச் சோதனையில் வீட்டுக் காற்று மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்ற அளவு புதிய வீட்டுக்கு 0.6க்குள் இருக்க வேண்டும், பழைய வீட்டுச் சீரமைப்புக்கு 1.0 வரை ஏற்கலாம். குளிர் மிதமான பகுதிகளில் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 கிலோவாட் மணி என்ற சூடாக்கும் தேவை சீரமைப்புக்கு 25 ஆகிறது. பழைய சுவரைப் புதிய சுவராக்க முடியாது என்பதை அந்தத் துறையினரே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் மறக்க வேண்டாம். எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கொதிகலன் வீட்டுக்குள் இருந்தால், அதற்கு வெளிக்காற்று வரும் வழியும் புகைபோக்கியும் ஒழுங்காக இருப்பதை உறுதி செய்யாமல் எந்த இடுக்கையும் அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கென்றே உள்ள எச்சரிக்கைக் கருவியை மாட்டிவிடுங்கள். அதேபோல அக்காலத்து ஆஸ்பெஸ்டாஸ் தகடு கொட்டகையிலோ தண்ணீர்த் தொட்டி மறைப்பிலோ இருந்தால் அதை அறுக்கவோ துளைக்கவோ உடைக்கவோ வேண்டாம். அதற்குப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே அகற்ற வேண்டும்.

அளவுகோல்

ஏ.சி. பற்றிய கேள்விக்கு என் பதில்: இயந்திரம் ஓடும் வரை ஓடட்டும், தள வேலை முடிந்த பிறகு வாங்குங்கள். இன்று வாங்கினால் இன்றைய வெப்பச் சுமைக்கு ஏற்பப் பெரியதாக வாங்குவீர்கள். தளமும் மேற்குச் சன்னலும் சரியான பிறகு அதே அறைக்கு அதைவிடச் சிறியது போதும். தேவைக்கு மீறிப் பெரிதான ஏ.சி. காற்றைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்று நின்று ஓடுவதால் ஈரப்பதத்தைச் சரியாக வெளியேற்றாது. அறை குளிர்ச்சியாக இருந்தும் புழுக்கம் தீராது. தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்டர் வகையே வாங்குங்கள். பழைய மின்விசிறிகளை மட்டும் இப்போதே மாற்றிவிடலாம்: 75 வாட் இழுக்கும் பழைய விசிறியின் வேலையை பி.எல்.டி.சி. எனப்படும் தூரிகையில்லா மோட்டார் கொண்ட விசிறி 30 வாட்டில் செய்துவிடுகிறது. விசிறிக்காற்று உடலுக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்தாற்போன்ற உணர்வைத் தருவதால் ஏ.சி.யையும் அந்த அளவுக்கு உயர்த்தி வைக்கலாம்.

வெப்பக்காப்பு போட்ட தளத்தைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்லாத ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பகலில் வெப்பம் உள்ளே வருவதைத் தடுக்கும் அதே பலகை, இரவில் வீட்டுக்குள் தங்கிய வெப்பம் வானத்தை நோக்கி வெளியேறுவதையும் தடுக்கும். சமையல், விளக்குகள், ஆட்கள், சன்னல் வழியே வந்த வெயில் ஆகியவற்றால் சேர்ந்த சூடு வேறு வழியாக வெளியேற வேண்டும். ஆகவே வெளிக்காற்று உட்காற்றைவிடக் குளிர்ந்துவிட்ட பின்னிரவிலும் விடியற்காலையிலும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவைத்து, வெயில் ஏறத் தொடங்கியதும் மூடித் திரையிடும் பழக்கம் வேண்டும். அப்போது சுவரும் தளமும் இரவின் குளிர்ச்சியை வாங்கிவைத்துப் பகலில் உங்களுக்குத் தரும். இதைச் செய்யாமல் பகலிரவாகச் சன்னல்களைத் திறந்தேபோட்டால் தளத்துக்குச் செய்த செலவில் பாதிப் பயன் வீணாகும். ஏ.சி. ஓடும் இரவுகளில் மட்டும் அந்த அறைகளை மூடியே வைக்க வேண்டும். வெளியே புழுக்கம் மிகுந்த இரவிலும் அப்படியே, ஏனென்றால் திறந்தால் குளிர்ச்சியைவிட ஈரந்தான் கூடுதலாக உள்ளே வரும்.

பொய்க்கூரை வேண்டாம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. தளம் சூடாக இருக்கும் வரை அது சூட்டைச் சற்றுத் தாமதப்படுத்தும், அவ்வளவே; அதோடு நீர்க்கசிவையும் கம்பித் துருவையும் உங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

தாழ்வாரம்

தெளிவாகிவிட்டது. இந்த ஆண்டு மண்மட்டத்தைத் தாழ்த்துவது, குழாய்நீரை விலக்குவது, மேற்குச் சன்னல்களுக்கு வெளித்தட்டி, காற்றுக்கசிவு அடைப்பு, அடுத்த கோடைக்கு முன் மேல்தளம், அதன்பின் ஏ.சி. என்று முடிவு செய்திருக்கிறோம். ஒன்று மட்டும் கேட்க விட்டுப்போயிற்று: சில ஆண்டுகள் கழித்துச் சூரிய மின்தகடு பொருத்தும் எண்ணமும் இருக்கிறது. அப்போது தளத்தை மறுபடியும் துளைக்க வேண்டிவருமா?

கொத்துவேலை

இப்போதே ஏற்பாடு செய்துவிட்டால் வராது. மின்தகட்டின் தாங்கிகள் நிற்க வேண்டிய இடங்களை, அந்த வேலை செய்பவர் ஒருவரைக்கொண்டு தளத்தின் மேல் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை சுவர்களுக்கு நேர் மேலே அமையட்டும். அப்போது தகட்டின் எடையும், அதைவிட முக்கியமாகக் காற்று அதைத் தூக்கும் விசையும், தளத்தின் நடுப்பகுதியில் விழாது. அந்த இடங்களில் நீர்க்காப்புக்கு முன்பே ஆணிகள் பதித்த சிறு கான்கிரீட் பீடங்களை எழுப்பித் தளத்தோடு பிணைத்துவிட வேண்டும். மின்கம்பி இறங்குவதற்கும் ஏ.சி. குழாய்க்கும் சூரிய வெந்நீர்க் குழாய்க்கும் தனித்தனி உறைக்குழாய்களை அப்போதே நட்டுவிடுங்கள்.

1978ஆம் ஆண்டு மின்கம்பிகள் இன்னும் சுவருக்குள் இருக்குமானால் அவற்றையும் தள வேலைக்கு முன் மாற்றிவிடுங்கள். புதிதாக இழுக்கும் பி.வி.சி. உறைக் கம்பி நுரைப்பலகையை நேரடியாகத் தொடக் கூடாது. உறையிலுள்ள மென்மையாக்கி பலகையின் பாலிஸ்டைரீனுக்குள் இறங்கி, கம்பியின் உறை நாளடைவில் விறைத்து வெடித்துவிடும். குழாய்க்குள் விட்டே கொண்டுபோக வேண்டும்.

பீடங்கள் ஒவ்வொன்றின் கழுத்தைச் சுற்றியும் நீர்க்காப்பை 150 மி.மீ. உயரத்துக்கு ஏற்றி, மூலைகளை வளைவாகப் பூசச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவரின் அடியிலும் அதே உயரம், அதே வளைவு. தண்ணீரைத் தேக்கிப் பார்க்கும் சோதனையை இந்தப் பீடங்கள் எல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொண்டு, அது தேறியதும் பலகை பதிக்கத் தொடங்கலாம்.